ஹாஸ்ட் சாலைக்கு முன்

செப்டம்பர் 4, பட்டர்வொர்த், மலேசியா

அப்பாவின் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை முடிந்தது. நானும் அவரும் காரில் போக நினைக்கும் நியூசிலாந்துப் பயணத்தைப் பற்றி மருத்துவர் இன்று ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பியதும் அப்பா நியூசிலாந்து வரைபடத்தைத்தான் முதலில் கேட்டார்.

செப்டம்பர் 7

1982இல் திறக்கப்பட்ட கிரிக்–ஜெலி மலைச்சாலையில் பல காலம் லோரி ஓட்டியவர் என்பதால், அப்பா காட்சிகளைப் பற்றிக் கேட்பதில்லை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றியே கேட்கிறார். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்கே போகும் 73ஆம் நெடுஞ்சாலை ஆர்தர்ஸ் பாஸ் கணவாயில் 920 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு, ஓட்டிரா பள்ளத்தாக்கில் சரேலென்று இறங்குகிறது என்றேன். அங்கே இருந்த பழைய வளைவுகளுக்கு மாற்றாக 1999இல் 440 மீட்டர் நீளமுள்ள பாலத்தைத் திறந்தார்கள் என்பதையும் வாசித்துக் காட்டினேன். "ஏறின கியரிலேயே இறங்கும்மா, பிரேக்கை நம்பாதே" என்றார். அந்தக் குரலில் நோயே இல்லை.

செப்டம்பர் 8

தூக்கமில்லை. ஹாஸ்ட், மேற்குக் கரையிலிருந்து மலையைக் கடக்கும் அந்தச் சாலை.

செப்டம்பர் 12

ஃபாக்ஸ் பனியாற்று ஊரிலிருந்து ஹாஸ்ட் வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அங்கிருந்து மலையைக் கடந்து வனாக்கா சேர இன்னும் 140 கிலோமீட்டர். இந்தத் தொலைவில் பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு இணைப்பு கிடைக்காது, மேற்குக் கரையின் மருத்துவமனையோ வடக்கே கிரேமவுத்தில் இருக்கிறது. நடுவழியில் அப்பாவுக்கு மூச்சு முட்டினால் நான் முன்னே ஓட்டுவதா, பின்னே திரும்புவதா என்ற கேள்வியை எந்த வேலைக்கு நடுவிலும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. மழை வேறு. 2019 மார்ச் மாதம் ஃபிரான்ஸ் ஜோசப் ஊருக்கருகே வைஹோ ஆற்றுப் பாலத்தையே வெள்ளம் கொண்டுபோனது; மூன்று வாரத்திற்குள் மறுபடியும் அமைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த மூன்று வாரம் அந்தப் பக்கம் அகப்பட்டவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15

காட்டுக்குப் பக்கத்தில் பனி எப்படி நிற்கும் என்று அப்பா கேட்டார். டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென் ஆல்ப்ஸ் மலையில் மோதி மேலெழுவதால், ஃபிரான்ஸ் ஜோசப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் மழை கொட்டுகிறது. நம் பினாங்கில் பெய்வதைப்போல் இரு மடங்கு. அதுவே உச்சியில் பனியாக விழுந்து, இறுகி, செங்குத்தான சரிவில் வேகமாக வழிந்து, உருகித் தீருமுன் மழைக்காட்டின் உயரத்திற்கே வந்துவிடுகிறது. அந்த ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு பின்வாங்கியதால் 2012க்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து நடந்து அதன்மேல் ஏற முடிவதில்லை என்றபோது அவர் முகம் வாடியது. ஹெலிகாப்டர் வேண்டாம், எட்ட நின்று பார்த்தால் போதும் என்றார்.

செப்டம்பர் 16

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். நான் மட்டும் படியேறினேன். அப்பா கீழே காரில் வரைபடத்தோடு இருந்தார்.

செப்டம்பர் 21

கிழக்குப் பக்கமே போகலாம் என்று இன்று சொல்லிப் பார்த்தேன். ஆவோராக்கி (மவுண்ட் குக்) மலையின் 3,724 மீட்டர் சிகரம் சாலையிலிருந்தே தெரியும், டாஸ்மன் பனியாற்றின் முனையில் 1970களுக்குப் பிறகு பெருகிய ஏரியில் பனிக்கட்டிகள் மிதக்கும், ட்வைசல் ஊர் அந்த மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஏரிக்கரைச் சாலை" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேண்டியது ஹாஸ்ட் கணவாய்தான். 1965இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்ட சாலை, மலையை வெட்டியவர்களின் வேலையைப் பார்க்க வேண்டும் என்கிறார். மகள் என்பதற்காக இதை மறுக்கும் உரிமை எனக்கு உண்டா?

செப்டம்பர் 24

டிரெட்மில் பரிசோதனை அடுத்த வாரம். மருத்துவர் தடை சொல்லவுமில்லை, அனுமதி தரவுமில்லை.

செப்டம்பர் 25

ஹாஸ்டில் ஓர் இரவு தங்குவதாக ஃபாக்ஸ்–வனாக்கா தொலைவை இரண்டாகப் பிரித்துவிட்டேன். தொலைபேசி இணைப்பு இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு ஆபத்தைத் தெரிவிக்கும் சிறு கருவியை நியூசிலாந்தில் வாடகைக்குத் தருகிறார்கள். கிறைஸ்ட்சர்ச்சிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு இப்போதுதான் எழுதினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.