பகடையில் 1960: ஒரு உலகத் தொடரை மறுபடி ஆடிப் பார்த்தேன்

அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் 1960-ஆம் ஆண்டுக் கணக்கை முதன்முறை பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். ஏழு ஆட்டங்களில் நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது 27 ரன். கோப்பை பைரேட்ஸுக்கு. யாங்கீஸ் வென்ற மூன்று ஆட்டங்களும் 16-3, 10-0, 12-0. தோற்ற நான்கிலும் வித்தியாசம் மூன்று ரன்னைத் தாண்டவில்லை. அந்த 10-0, 12-0 இரண்டிலும் கடைசி வரை பந்தெறிந்தவர் வைட்டி ஃபோர்டு. அவரை முதல் ஆட்டத்தில் இறக்காமல் மூன்றாவது ஆட்டம் வரை ஏன் காக்க வைத்தார் மேலாளர் கேசி ஸ்டெங்கல்? பேஸ்பால் வரலாற்றில் ஆறாத கேள்விகளில் இதுவும் ஒன்று. முதல் ஆட்டத்திலும் ஐந்தாவதிலும் அவர் நம்பி இறக்கிய ஆர்ட் டிட்மார், இரண்டு முறையும் ஒன்பது இன்னிங்ஸில் இரண்டாவதைக்கூடத் தாண்டவில்லை. தொடர் முடிந்த சில நாட்களில் ஸ்டெங்கலுக்கு வேலையும் போயிற்று.

அந்தக் கேள்வியை அட்டையும் பகடையும் கொண்டு கேட்டுப் பார்ப்பதுதான் என் முயற்சி. இதுவரை நடந்ததை எழுதுகிறேன்.

பழைய சீசன்களை மேசையில் மறுபடி ஆடும் விளையாட்டுகளில் பெயர்பெற்றவை இரண்டு. 1951-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து வந்த ஆப்பா. 1961-இல் ஹால் ரிச்மன் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். இரண்டாவதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று பகடைகள். தனி நிறத்தில் உள்ள ஒன்று 1, 2, 3 காட்டினால் பேட்டரின், அதாவது அடிப்பவரின், அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பிட்சரின், அதாவது பந்தெறிபவரின், அட்டையை. அந்த எண்தான் அட்டையில் எந்தப் பத்தி என்பதையும் சொல்லும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். 7 விழ 36-இல் 6 வழிகள். 2 விழ ஒரே வழி. ஆக ஓர் அட்டைக்கு மூன்று பத்திகள், மொத்தம் 108 வாய்ப்புகள். சில வரிகளில் முடிவு இரண்டாகப் பிளந்து கிடக்கும், ஹோம் ரன் அல்லது கேட்ச் என்பது போல. அதற்கு இருபது முகப் பகடையை மறுபடி உருட்ட வேண்டும்.

இதே அமைப்பில் 1960-இன் இரு அணிகளுக்கும் நானே அட்டைகள் எழுதினேன். கணக்கு எளிது, ஆனால் யோசிக்க வைப்பது. பாதி வீச்சுகள் பிட்சரின் அட்டைக்குப் போய்விடுவதால், ஒரு பேட்டரின் உண்மையான விகிதத்தை அப்படியே அவர் அட்டையில் எழுதினால் எல்லோரும் சராசரியை நோக்கிச் சரிந்துவிடுவார்கள். அவர் விகிதத்தை இரட்டிப்பாக்கி, அதிலிருந்து லீக் சராசரியைக் கழித்து எழுத வேண்டும். அந்த ஆண்டு 40 ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி) அடித்த யாங்கீஸின் மிக்கி மேண்டிலுக்கு 108-இல் ஏறத்தாழ 11 ஹோம் ரன் வாய்ப்புகள் வந்தன. 11 ஹோம் ரன் அடித்த பைரேட்ஸின் பில் மசெராஸ்கிக்கு ஏறத்தாழ இரண்டு. அந்த 'இரண்டு' என்ற எண்ணைப் பென்சிலால் எழுதியபோது என் கை சற்று நின்றது. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், 9-9 என்ற நிலையில், யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரி எறிந்த பந்தைப் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் மைதானத்தின் இடதுபக்கச் சுவருக்கு அப்பால் அனுப்பித் தொடரையே முடித்தவர் இந்த மசெராஸ்கிதான்.

அட்டைகள் தயாரானதும் முதலில் அந்த ஒரு கணத்தை மட்டும் ஆடினேன். 9-9, பேஸ்கள் (ரன்னுக்காக ஓடுபவர் தொட வேண்டிய முனைகள்) காலி, டெர்ரி எறிகிறார், மசெராஸ்கி நிற்கிறார். மீண்டும் மீண்டும் உருட்டினேன். ஹோம் ரன் எப்போதாவது விழத்தான் செய்தது. ஆனால் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. நிகழ்தகவைச் சரிபார்த்தது போல இருந்தது, அவ்வளவுதான். அந்த அடிக்கு முன்னால் நடந்ததெல்லாம் அங்கே இல்லையே. எட்டாவது இன்னிங்ஸில் பைரேட்ஸின் பில் விர்டன் அடித்த தரைப்பந்து திடீரென எகிறி, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே தடுக்கும் ஷார்ட்ஸ்டாப், யாங்கீஸின் டோனி குபெக்கின் தொண்டையில் தாக்கியது. இரண்டு அவுட் ஆக வேண்டிய பந்து, அடித்தவர் முதல் பேஸை எட்டும் சிங்கிளாக மாறியது. பிறகு பைரேட்ஸின் ஹால் ஸ்மித்தின் மூன்று ரன் ஹோம் ரன். ஒன்பதாவதில் முதல் பேஸுக்குத் தாவித் திரும்பிய மேண்டிலின் சமயோசிதத்தால் வந்த சமன். இத்தனையையும் தாங்கி வந்ததால்தான் அந்த அடிக்கு அந்த எடை.

எனவே முதல் ஆட்டத்திலிருந்தே தொடங்கினேன். ஃபோர்டு 1, 4, 7 ஆட்டங்களில். தேதிகள் இடம் கொடுக்கின்றன: அக்டோபர் 5, 9, 13. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நாள் ஓய்வு. பைரேட்ஸ் பக்கம் வெர்ன் லா உண்மையிலும் அதே மூன்று ஆட்டங்களைத்தான் தொடங்கினார். கணுக்கால் காயத்தோடு எறிந்தவர் அவர். அட்டைக்கு அந்த வலி தெரியாது என்பதால், ஆறாவது இன்னிங்ஸுக்குப் பின் அவர் களைத்துவிடுவார் என்று விதி வைத்தேன்.

மைதானங்களுக்கும் விதி தேவைப்பட்டது. ஃபோர்ப்ஸ் மைதானம் பரந்தது. இடது நடுப்பகுதியில் சுவர் 457 அடி தொலைவில் இருந்தது. யாங்கீ ஸ்டேடியத்தின் வலது மூலையோ வெறும் 296 அடி. ஆகவே நியூயார்க்கில் இடதுகையாக அடிப்பவர்களுக்கு, பிளந்த ஹோம் ரன் வரிகளில் இருபது முகப் பகடையில் இரண்டு எண்கள் கூடுதல்.

குபெக்கின் தொண்டையைத் தாக்கிய பந்துக்கும் ஒரு விதி எழுதலாமா என்று நீண்ட நேரம் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். நடந்த தற்செயலைத் திட்டமிட்டு உள்ளே வைத்தால் அது தற்செயல் அல்ல. பந்தைத் தடுப்பவரின் திறமை எண்ணும் இருபது முகப் பகடையும் சேர்ந்து அந்த இடத்தைத் தாமாக நிரப்பட்டும்.

முதல் மூன்று ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபோர்டு முதல் ஆட்டத்தை 4-1 என்று எளிதாக வென்றார். இரண்டாவது பைரேட்ஸுக்கு, மூன்றாவது யாங்கீஸுக்கு. இரண்டிலும் ஐந்தாவது இன்னிங்ஸுக்குள்ளேயே முடிவு தெரிந்துவிட்டது.

நான்காவது ஆட்டத்தில் ஒரு பழக்கத்தை மாற்றினேன். இந்தப் பதிவில் பிறருக்கு உதவக்கூடியது இருக்குமானால் அது இதுதான். மூன்று பகடைகளையும் ஒன்றாக உருட்டுவதை நிறுத்தினேன். முதலில் தனி நிறப் பகடை மட்டும். அது நின்ற பிறகு, யாருடைய அட்டை என்று தெரிந்த பிறகு, மற்ற இரண்டு. நிகழ்தகவு ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் ஆட்டமே மாறிவிட்டது.

எட்டாவது இன்னிங்ஸ், பைரேட்ஸ் 2-1 முன்னிலை, யாங்கீஸுக்கு இரண்டு பேஸ்களில் ஆட்கள், இரண்டு அவுட். லாவை எடுத்துவிட்டு மாற்று பிட்சர் எல்ராய் ஃபேஸைக் கொண்டுவந்தேன். எதிரில் மேண்டில். முதல் பகடை 2: மேண்டிலின் அட்டை. அந்தப் பத்தியில் கூட்டுத்தொகை 6-இல் ஹோம் ரன் இருப்பது நானே எழுதியதால் மனப்பாடம். இரண்டு பகடைகள்: 4, 2. இருபதில் 13 வரை ஹோம் ரன். வலதுகைக்காரரான ஃபேஸுக்கு எதிராக மேண்டில் இடதுகையாக நிற்பதால் மைதான விதிப்படி 15 வரை. அதற்கு மேல் போனால் சுவரருகே கேட்ச். உருட்டினேன். 17. பைரேட்ஸின் கிளெமென்டே பந்தைப் பிடித்தார் என்று ஸ்கோர் புத்தகத்தில் எழுதும்போது மூச்சு சீராகவில்லை. மூன்று படிகளில் விரிந்த அந்தச் சில நொடிகளை, ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தால் இழந்திருப்பேன்.

இந்த உணர்வு எனக்கு மட்டும் உரியதல்ல. 1981-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால், நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் தள்ளிப்போனபோது, கிளீவ்லாந்து மைதானத்திலேயே ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் அந்த ஆட்டத்தை ஆடினார்கள். முதல் பகடையை உருட்டியவர் புகழ்பெற்ற பிட்சர் பாப் ஃபெல்லர். வாழ்நாள் முழுதும் பந்தெறிந்த ஒருவர் பகடைக்கு அந்த மரியாதையைக் கொடுத்தார் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஐந்தாவது பைரேட்ஸுக்கு, ஆறாவது யாங்கீஸுக்கு. 3-3.

ஏழாவது ஆட்டம், ஃபோர்ப்ஸ் மைதானம். உண்மையான ஏழாவது ஆட்டத்தில் இரு தரப்பிலும் ஒரு ஸ்ட்ரைக்அவுட்கூட (பிட்சர் மூன்று ஸ்ட்ரைக்குகளில் பேட்டரை அவுட் ஆக்குவது) இல்லை. உலகத் தொடர் வரலாற்றில் அப்படி வேறோர் ஆட்டம் கிடையாது. என் மேசையில் ஃபோர்டு மட்டுமே ஆறு பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ரன் மழையும் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதிக்கு, பைரேட்ஸ் அடிக்கும் முறைக்கு, வரும்போது யாங்கீஸ் 3-2 முன்னிலை.

இரண்டு அவுட். பைரேட்ஸின் டான் ஹோக் இரண்டாவது பேஸில். அடிக்க வருபவர் மசெராஸ்கி.

நான் இதைத் திட்டமிடவில்லை. வரிசையே அவரைக் கொண்டுவந்தது. இரு தரப்புக்கும் மேலாளர் நான்தான் என்பதால் இங்கே ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. முதல் பேஸ் காலி. மசெராஸ்கியை வேண்டுமென்றே வாக் கொடுத்து, அதாவது அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு, அனுப்பினால் அடுத்தது பிட்சரின் இடம்; அங்கே மாற்று பேட்டராக இடதுகை பாப் ஸ்கின்னர் வருவார், இடதுகை ஃபோர்டுக்கு அது சாதகம். ஆனால் வெற்றி ரன்னை நாமே பேஸில் ஏற்றிவிடுவதா? ஃபோர்டு மசெராஸ்கிக்கே எறியட்டும் என்று முடிவெடுத்தேன். இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன்.

முதல் பகடை 5. ஃபோர்டின் அட்டை. அடுத்த இரண்டும் சேர்ந்து 7: ஷார்ட்ஸ்டாப்பிடம் தரைப்பந்து, தடுப்பாட்டச் சோதனை. ஷார்ட்ஸ்டாப் குபெக். அவர் திறமைக்கு 16 வரை அவுட், தொடர் முடிந்தது. 17 முதல் 20 வரை சிங்கிள்.

18.

எழுந்து நின்றுவிட்டேன். தொண்டையில் பட்டதா, கையுறையைத் தாண்டியதா என்று பகடை சொல்லாது. ஆனால் இரண்டு அவுட் என்பதால் அடித்தவுடனேயே ஓடத் தொடங்கிய ஹோக் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டார். 3-3. நான் எழுதாமல் விட்ட அந்த விதி எழுதாமலேயே வந்து நின்றது.

ஸ்கின்னர் அவுட். பத்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் மாரிஸ் வாக், மேண்டில் சிங்கிள், மாரிஸ் மூன்றாவது பேஸில், யோகி பெரா ஆழமாக அடித்த உயரப்பந்தில் ஒரு ரன். பைரேட்ஸால் பதில் சொல்ல முடியவில்லை. 4-3, தொடர் யாங்கீஸுக்கு. மனத்தளவில் நான் முழுக்கப் பைரேட்ஸ் பக்கம் இருந்தேன். அந்தக் கடைசி அவுட்டை எழுத மனமே வரவில்லை.

ஸ்டெங்கல் தவறு செய்தார் என்று இதனால் நிரூபணமாகிவிடாது. ஒரே தொடர், அதுவும் பத்தாவது இன்னிங்ஸ் வரை போனது. ஆனால் ஃபோர்டு எறிந்த மூன்று ஆட்டங்களில் யாங்கீஸ் இரண்டை வென்றது, தோற்றதும் ஒரே ரன்னில். அவர் முதல் ஆட்டத்தில் எறிந்திருக்க வேண்டும் என்ற என் கருத்து வலுப்பட்டிருக்கிறது. அடுத்து, அதே அட்டைகளில் டிட்மாரை ஸ்டெங்கல் இறக்கிய இடங்களிலேயே இறக்கித் தொடரை மறுபடி ஆடப்போகிறேன். ஸ்கோர் புத்தகத்தில் முதல் ஆட்டத்தின் வரிசை எழுதியாகிவிட்டது. லாவின் களைப்பு விதியை மட்டும் ஐந்தாவது இன்னிங்ஸுக்கு முன்னால் நகர்த்துவதா என்று பார்க்க வேண்டும்.