காமன் ஊன்றும் வரை

ஜனவரி 17

கண் அறுவைக்கு இன்றும் திகதி கிடைக்கவில்லை. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வந்து சேரவில்லையாம். அடுத்த மாதம் வரச் சொல்லி கிளினிக் கொப்பியில் குறித்துக் கொடுத்தார்கள். வலது கண்ணில் புகை மூட்டம். இடது கண் இன்னும் எழுத்தைப் பிடிக்கிறது. இதை எழுத அது போதும்.

ஜனவரி 19

மகள் அரை மணி நேரம் பேசினாள். வத்தளைக்கே வந்துவிடுங்கள் அப்பா, மேல்மாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கு மனது சரியில்லை போலிருக்கிறது" என்றாள். அதற்கு அவள் வைத்திருக்கும் சாட்சிகள்: கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போவதில்லை. அலுமாரியில் இருந்த புத்தகங்களைப் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டேன். தொலைக்காட்சி போடுவதில்லை. வாசல் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் உண்மை. கடைசியில் உள்ள 'சும்மா' மட்டும் உண்மையில்லை. அதை அவளுக்கு எப்படி விளங்கவைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஜனவரி 20

பீலியில் தண்ணீர் விழும் சத்தம் இரவு முழுவதும் கேட்கிறது. இத்தனை வருடமாக எங்கே இருந்தது இந்தச் சத்தம்?

ஜனவரி 22

இரவு பத்து மணிக்கு வெளியே வந்தேன். சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதையில் விளக்குகள் எரிகின்றன. இடது கண்ணுக்கு அது அடிவாரத்திலிருந்து உச்சிவரை வளைந்து போகும் ஒரு கோடு. வலது கண்ணுக்குக் கோடே இல்லை. ஒவ்வொரு விளக்கும் பூவாக விரிந்து பக்கத்து விளக்கோடு கலந்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1962இல் அம்மா என்னைக் கையைப் பிடித்து அந்தப் படிகளில் ஏற்றிக்கொண்டு போனாள். அது நினைவாக வரவில்லை. இப்போது நடப்பதாகவே வந்தது. கொழுந்துக் கறை ஏறிக் காய்த்துப்போன அவளுடைய விரல்கள் என் உள்ளங்கையில் சொரசொரத்தன. பயமாக இல்லை. அழவும் இல்லை. உள்ளே வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

ஜனவரி 25

பேராதனையிலிருந்து பேத்தி வந்திருக்கிறாள். ஹட்டனில் பஸ் மாறி, நனைந்துகொண்டு. அம்மாதான் அனுப்பியிருக்க வேண்டும். என்னை நோட்டம் பார்க்கிறாள்.

ஜனவரி 26

நோட்டம் பார்க்க வந்தவள் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு மதியம் வரை பேசினோம். மலை விளக்கையும் அம்மாவின் கையையும் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "தாத்தா, இது எங்கள் பாடத்தில் இருக்கிறது" என்றாள்.

சுவீடனில், உப்சாலா பல்கலைக்கழகத்தில், லார்ஸ் டோர்ன்ஸ்டாம் என்றொரு சமூகவியலாளர் இருந்தாராம். மூப்பில் மனிதன் உலகத்தை விட்டு விலகுவது வெறும் முடிவின் தொடக்கம் என்று 1961இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இவர் 1989இல் அதை வேறு விதமாகப் பார்த்தார். விலகுவதுபோல் தெரிவது விலகல் அல்ல, பார்வை மாறுகிறது என்றார். டென்மார்க்கில் 74 வயது முதல் 100 வயது வரையான 912 பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். (எனக்கும் 74 நடக்கிறது.) அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் உள்ள வேலி தாழ்ந்துபோகிறது. செத்துப்போனவர்களோடு உறவு தடிக்கிறது. சாவின் மேல் உள்ள பயம் குறைகிறது. ஒப்புக்குப் பழகும் உறவுகள் உதிர்ந்து, தனிமை தேவைப்படுகிறது. சாமான்கள் பாரமாகின்றன. சிறிய விஷயங்களில் பெரிய சந்தோஷம் வருகிறது. ஒரு பூ, ஒரு சத்தம். பீலி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதியோரைப் பராமரிப்பவர்கள் இதை நோய் என்று எடுத்துக்கொண்டு, தனியாக இருக்க விரும்புகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்றும் அவர் கவலைப்பட்டிருக்கிறார். இதை உன் அம்மாவுக்குச் சொல் என்றேன்.

இதற்கு டோர்ன்ஸ்டாம் வைத்த சொல் gerotranscendence. அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினோம். 'கடத்தல்' என்றாள். ஆள் கடத்தல் என்று படிப்பார்கள், வேண்டாம் என்றேன். 'கடந்தேறுதல்' என்று அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஏறுதல் என்றால் மேலே போவது. எனக்கு நடப்பது மேலே போவதாகத் தெரியவில்லை. தோண்டிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கைக்கு எட்டுக் கட்டங்கள் வகுத்தார். அவர் போன பிறகு, தொண்ணூறு வயது தாண்டிய அவருடைய மனைவி ஜோன், எட்டு போதாது, கடைசி முதுமைக்கு ஒன்பதாவது கட்டம் இருக்கிறது என்று எழுதினாராம். டோர்ன்ஸ்டாமின் சொல்லை எடுத்து, ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, அதற்குள் நடனம் என்ற சொல் தெரியும்படி வைத்தாராம்.

நடனம்! இதைக் கேட்டபோது எனக்குக் கால் கூசியது. பன்னிரண்டு வருடம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டிய கால்.

பட்டியலில் கடைசியாக அவள் சொன்னது: தன்னிடம் மறைந்து கிடந்தவை, நல்லதும் கெட்டதும், முதுமையில் தன் முன்னாலேயே வந்து நிற்கும். அதைக் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 29

தை அமாவாசை. அப்பாவுக்கு இலை போட்டேன். என் மனைவிக்கும். காகம் உடனே வந்தது.

பெப்ரவரி 2

மதன் எரிந்து ரதி புலம்பும் கதையை ஆடும் காமன் கூத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். ரதிக்கு ஒரு பையன் கிடைத்திருக்கிறான். கொழும்பில் கடையில் வேலை, இதற்காகவே லீவு போட்டு வரப்போகிறான். பாட்டும் அடவும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வந்தவர்களில் மேல்லயத்தானும், மேலே உள்ள தோட்ட வரிசை வீடுகளில் இருப்பவன், இருந்தான். இந்த வருடமும் தப்புப் பறை அடிப்பவன் அவன்தான்.

சாயத்தண்ணீர் கொடுத்தேன். அவன் கோப்பையை வாங்கிய கையைப் பார்த்தேன்.

பெப்ரவரி 3

அந்தக் கை. நடுவிரலின் நடுக்கணு புடைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. விரல் முழுதாக மடங்காது. அதனால் அவன் அடிக்குச்சியை மற்றவர்களைப்போல் பிடிப்பதில்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இறுக்கி, நடுவிரலை நீட்டியே வைத்துக்கொள்கிறான். நாற்பது வருடமாக அவன் அடிப்பதைக் கேட்கிறேன். அந்த விரலை இப்போதுதான் பார்க்கிறேன், அதுவும் பாதிக் கண்ணோடு.

1978. பிரம்பு. மூன்று அடி, புறங்கையில். நேரம் பிந்தி வந்ததற்கு.

பெப்ரவரி 4

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டும் விரல் அப்படி ஆகலாம். ஆகலாம்.

பெப்ரவரி 9

பதினொரு மணி கடந்து மின்சாரம் போனது. நாடு முழுவதும் இல்லையாம். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று வானொலியில் சொன்னார்கள். மாலையிலும் இங்கே வரவில்லை. குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வெளிச்சத்தில் எனக்குப் பழைய வரவு இடாப்பு தெரிந்தது. ஐந்தாம் வகுப்பு. ஒரு பேரின் மேல் சிவப்பு மை கோடு. அடிக்குப் பிறகு அவன் மூன்று வாரம் வரவில்லை. நான் லயத்துக்குப் போய் ஏன் என்று கேட்கவில்லை. பேரை வெட்டினேன். கோடு நேராக வர அடிமட்டம் வைத்தேன்.

அடிமட்டம் வைத்தது வரை நினைவிருக்கிறது.

பெப்ரவரி 11

தைப்பூசம். போகவில்லை. மகள் இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

பெப்ரவரி 12

நேற்று நடந்துகொண்டது சரியில்லை. காலையில் நானே அழைத்துப் பேசினேன். அவள் அழுதாள். கூட இருந்து பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கம்தான் அவளை அப்படிப் பேசவைக்கிறது. கண் அறுவைக்குப் பிறகு பத்து நாள் வத்தளையில் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பத்து நாள்தான் என்றேன்.

பெப்ரவரி 17

கிளினிக். மார்ச் 12 என்று திகதி கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மவுசாக்கலை நீர்த்தேக்கப் பக்கத்துச் சீட்டு. 1969இல் அணை கட்டி, பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனபோது எனக்குப் பதினெட்டு. கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் உள்ளே போயின. தண்ணீர் நன்றாக இறங்கும் காலங்களில் அவை தலையைக் காட்டும். வேடிக்கை பார்க்கப் பஸ் பிடித்து வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அதிசயம். அந்தத் தெருவில் கடலை வாங்கித் தின்றவனுக்கு அப்படி இல்லை.

இன்று தண்ணீர் நிறைந்துதான் இருந்தது.

பெப்ரவரி 20

பேத்தியின் பாடத்தைப் பற்றி ஒரு வாரமாக எனக்கு ஒரு குறை.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. எனக்கு மாதம் பிறந்தால் அரசாங்க ஓய்வூதியம் வருகிறது. அவருக்குச் சேமலாப நிதி ஒரே தொகையாக வந்தது, ஒரு மகளின் கல்யாணத்தோடு போய்விட்டது. இன்றும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, படங்கைக் கட்டிக்கொண்டு. தனிமை வேண்டும் என்று இஸ்தோப்பில் உட்கார அவருக்கு எங்கே நேரம்? சுவீடனிலும் டென்மார்க்கிலும் கேட்டவர்கள் இந்த லயத்தில் வந்து கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

இன்று மாலை கேட்டேவிட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம், உங்களுக்குப் பழையதெல்லாம் வருகிறதா அக்கா என்று. அவர் உடனே சொன்னார்: "ஏன் வராது தம்பி? போனவர்கள் எல்லாம் இப்போதுதான் வருகிறார்கள். மலையில் நிரை பிடித்தால் எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கூடலூருக்குப் போன என் தங்கச்சி. மூன்று பேரும் சேர்ந்துதான் பறிக்கிறோம்."

தங்கச்சி 1973இல் இந்தியாவுக்குப் போனவர். தோட்டத்தாரை இரண்டு நாட்டுக்குமாகப் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் பிரிந்து, ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலில் தலைமன்னாருக்கு. இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேள்வியே பிழை என்றும் பட்டது.

ஆக, ஓய்வு இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல இது. பேத்திக்கு எழுதவேண்டும். அக்கா சொன்னதை அப்படியே எழுதவேண்டும், என் சொல்லைக் கலக்காமல்.

பெப்ரவரி 21

மேல்லயத்துக்குப் போகும் படி எழுபத்திரண்டு. நாற்பதில் திரும்பிவிட்டேன்.

பெப்ரவரி 23

பையனுக்குப் பாடம் தொடங்கியது. குரல் இருக்கிறது. கால்தான் அவசரப்படுகிறது. மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் இடத்தில் தப்பு ஒரு கணம் நிற்கும். கால் அந்த வெறுமையில் வந்து இறங்க வேண்டும். அடியோடு சேர்ந்து இறங்கினால் அது ஆட்டம். அடி இல்லாத இடத்தில் இறங்கினால்தான் அழுகை. பத்து முறை ஆடிக் காட்டினேன். முழங்கால் நடுங்கியது, ஆனால் இடம் தவறவில்லை.

தப்பு அடித்தவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் விரலை.

பெப்ரவரி 26, சிவராத்திரி. விடிந்துவிட்டது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்

மூன்றாம் சாமப் பூசை முடிந்து, கோயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். தனியாக இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"1978இல் நான் உன்னை அடித்தேன்" என்றேன். அதற்கு முன்னால் சொல்ல எத்தனையோ தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவன் தப்பை நெருப்பிலிருந்து விலக்கி, விரலால் தட்டிக் கேட்டான். மறுபடி அனலுக்குக் காட்டினான்.

"ஆமாம் ஐயா. நாலு அடி."

"மூன்று என்று நினைத்திருந்தேன்."

"நாலு. மூன்றாவது அடியில் பிரம்பு பிளந்துவிட்டது. நாலாவது அந்தப் பிளந்த பிரம்பால்."

கையைக் காட்டச் சொன்னேன். காட்டினான். நெருப்பு வெளிச்சத்தில் என் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். கணுவுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு, நெல்மணி நீளம். கத்தி இல்லை. கத்தியாக இருக்கட்டும் என்று மூன்று வாரமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன் பிந்தினேன் என்று அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"இப்போது கேட்கிறேன்."

"அம்மாவுக்கு இடுப்புவலி. அப்பா வேலைப் பெரட்டுக்குப் போய்விட்டார். மருத்துவச்சியைக் கூட்டிவரக் கீழ் டிவிசனுக்கு ஓடினேன். தங்கச்சி பிறந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் ஓடி வந்தேன், சேர்."

சேர் என்றான். இத்தனை வருடமாக ஐயா என்றுதான் கூப்பிட்டவன். பத்து வயதுப் பையன் என் முன்னால் நின்றுகொண்டிருந்தான், மூச்சு வாங்க, ஒரு நல்ல செய்தியோடு.

மன்னித்துவிடு என்றேன். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். தப்பு காய்ந்துவிட்டது. தட்டினான், கணீரென்றது. எழுந்து நாலாம் சாமத்துக்குப் போய்விட்டான்.

நான் நல்ல வாத்தியார் என்று 2011இல் மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த மாலையை நம்பிக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். மகள் சொல்லும் நோயும் இல்லை இது, பேத்தி சொல்லும் கட்டமும் இல்லை. கணக்குக் கேட்க யாரோ வந்து வாசலில் நிற்கிறார்கள், அவ்வளவு தெரிகிறது. கதவைத் திறக்க எனக்கு எழுபத்து நாலு வயது ஆகியிருக்கிறது.

பெப்ரவரி 27

அமாவாசை. பகல் முழுவதும் தூங்கினேன்.

மார்ச் 1

மூன்றாம் பிறை. காமன் கம்பம் ஊன்றியாயிற்று. திடலுக்கு இறங்கும் படியில் எனக்கு வலது பக்கம் சரியாகத் தெரியவில்லை. அவன் டோர்ச்சைப் பின்னால் திருப்பி என் காலடிக்கு அடித்துக்கொண்டே முன்னால் நடந்தான். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

13ஆம் திகதி இரவு காமன் எரிப்பு. 12ஆம் திகதி எனக்குக் கண். புகைக்கும் தூசிக்கும் கிட்டே போகவே கூடாது என்கிறார்கள். திகதியை மாற்றக் கேட்கட்டுமா என்று மகளிடம் சொன்னால் வருந்துவாள். பையன் ஆடுவதை நான் பார்க்கமாட்டேன் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் தப்பு எங்கே நிற்கிறது, அவன் கால் எங்கே இறங்குகிறது என்பது இந்த இஸ்தோப்பு வரை கேட்கும். கட்டுப்போட்ட கண்ணோடு இங்கே உட்கார அனுமதி வாங்க வேண்டும். வத்தளைக்கு 14ஆம் திகதி போகலாம்.

மார்ச் 3

மனைவியின் கூறைச் சேலையை ரதிக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மடிப்பில் மஞ்சள் வாசம் இன்னும் இருக்கிறது. ஓரத்தில் சரிகை விட்டிருக்கிறது, தைக்க வேண்டும். அக்கா தைத்துத் தருகிறேன் என்றார். பையன் வந்துவிட்டான், வாசலில் தப்புச் சத்தமும் கேட்கிறது. மீதியை இரவு