109-லிருந்து 171, 113-லிருந்து 103

2024-25-ல் தமிழ்நாடு 11.19 சதவீதம் வளர்ந்தது, நாடு 6.5 தான் என்று செய்தி வந்ததும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் ஒரே ரகளை. ஒரு பக்கம் பட்டாசு எமோஜி, இன்னொரு பக்கம் "எல்லாம் கணக்கு காட்டுறது சார்". நடுவில் தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்டவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வருஷத்து எண்ணை வைத்துச் சண்டை போட எனக்கு ஆர்வமில்லை. முந்தைய வருஷம் சறுக்கியிருந்தால் அடுத்த வருஷம் தானாகவே எகிறும், போதாக்குறைக்குப் பின்னால் திருத்தவும் செய்வார்கள். இதே எண் முதலில் 9.69 என்றுதான் வந்தது.

நீண்ட காலக் கணக்கு வேண்டுமென்றால் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது, சஞ்சீவ் சன்யாலும் ஆகாங்க்ஷா அரோராவும் எழுதியது. நாட்டின் உற்பத்தியில் நம் பங்கு 1960-61-ல் 8.7 சதவீதம், 1990-91-ல் 7.1, 2023-24-ல் 8.9. இதை 1991-லிருந்து படித்தால் நல்ல ஏற்றம், 1961-லிருந்து படித்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். எந்த வருஷத்தில் தொடங்கினால் யாருக்கு வசதி என்பதில் நம் கட்சிக்காரர்கள் கில்லாடிகள்.

ஆனால் பங்கு மட்டும் பார்த்தால் போதாது. 1961-ல் நூறு இந்தியர்களில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் இங்கே இருந்தார்கள், 2011-ல் ஆறு பேர். குறைந்த தலைகளுக்கு அதே பங்கு என்றால் தலைக்கு வருவது கூடத்தானே செய்யும்? அதனால்தான் தனிநபர் வருமானம், நாட்டுச் சராசரியை 100 என்று வைத்தால், 1960-61-ல் இருந்த 109-லிருந்து 2023-24-ல் 171-க்கு வந்திருக்கிறது. அப்போது 127-ல் இருந்த மேற்கு வங்கம் இப்போது 84-க்கும் கீழே.

சரி, நாட்டுச் சராசரிக்குள் பீகாரும் உத்தரப் பிரதேசமும் இருக்கின்றன. அதன் பக்கத்தில் நின்றால் இன்றைக்குத் தெற்கில் எல்லாருமே உயரம்தான். அக்கம்பக்கத்தோடு நின்று பார்த்தால் எப்படி என்று எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். 1960-61-ல் தலைக்கு வருஷ வருமானம் சென்னை மாநிலத்தில் 334 ரூபாய், மைசூரில் (இன்றைய கர்நாடகா) 296, ஆந்திராவில் 275, கேரளாவில் 259 (இந்தியா 306). மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டால் தெற்கின் சராசரி ஏறக்குறைய 295. அதாவது தெற்கை 100 என்று வைத்தால் நாம் 113.

2023-24-ல் நாட்டுச் சராசரியை 100 என்று வைத்தால் தெலங்கானா 193.6, கர்நாடகா 181, நாம் 171, கேரளா 152.5, ஆந்திரா 131.6. இதை 2011 மக்கள்தொகையோடு சேர்த்தால் தெற்கு சுமார் 166, அதில் நாம் 103. மக்கள்தொகையை விட்டுவிட்டு ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தாலும் இந்த முறை அதே 166தான் வரும், ஆனால் அப்படி வகுப்பது கேரளாவின் மூன்றரைக் கோடியையும் நம் ஏழு கோடியையும் ஒன்றாக்கிவிடும்.

ஆக, நாட்டைவிட வெகுதூரம் முன்னே வந்துவிட்டோம், பக்கத்து வீட்டுக்காரர்களைவிட முன்னே இருந்த தூரம் குறைந்திருக்கிறது. தெற்கு மொத்தமாக மேலே வந்ததில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் 171-ஐ மட்டும் போஸ்டரில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெலங்கானாவைப் பார்த்து மலைத்துப்போகவும் வேண்டாம். ஹைதராபாத்தின் வருமானத்தை அங்கே மூன்றரைக் கோடிப் பேருக்கு வகுக்கிறார்கள். 2014-ல் ஆந்திராவிலிருந்து பிரிக்காமல் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து தோராயமாக 157, நமக்குக் கீழே! ஒரு எல்லைக்கோடு முதலிடத்தைக் கொடுத்திருக்கிறது. கர்நாடகாவுக்கு இந்தச் சமாதானம் செல்லாது, அது பிரியாமலே நம்மைத் தாண்டியது. அங்கேயும் எல்லைக்கோட்டின் வேலை கொஞ்சம் உண்டு: ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் நம்மூர்ப் பையன் உழைப்பில் விளைவது கர்நாடகாவின் உற்பத்தியில்தான் சேரும், வாடகையும் மளிகையும் இங்கே.

கேரளாவின் கதை இதற்கு நேர் எதிர். வளைகுடாவிலிருந்து வரும் பணம் மாநில உற்பத்தியில் சேராது, அந்தப் பணத்தில் எழும்பும் வீடும் கடையும் மட்டும்தான் சேரும். 152.5 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கோட்டயத்துக்காரரிடம் பெருமை பேசப் போகிறவர்கள் அவர் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.