கந்தகத்துக்கு ஒரு கட்டம்

வடசென்னைப் பகுதியின் காற்று மாதிரிகளைச் சோதித்துத் தரும் ஒரு தனியார் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் மொட்டை மாடிகளிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்படும் வடிதாள்களை எடைபோடுவதும், அவற்றில் படிந்திருப்பது என்னவென்று பகுத்து எழுதுவதும் என் பொறுப்பு. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளைப் பிடிக்கும் வடிதாள் 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளை வட்டம். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுவதும் அதன் வழியே 24 கனமீட்டர் காற்று இழுக்கப்படும். மறுநாள் சாம்பல் பூத்து வரும் அந்த வட்டத்தை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நாங்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் கந்தக டை ஆக்சைடுக்கு ஒரு கட்டம், நுண்துகளுக்கு ஒரு கட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டின் தேசியத் தரநிலைப்படி 24 மணி நேரச் சராசரியாக முதலாவது கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராமையும் இரண்டாவது 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. கந்தக டை ஆக்சைடின் அளவு பெரும்பாலும் வரம்புக்கு வெகு கீழேயே நிற்கும். அந்த வாயு இருப்பதைக் காட்டச் சோதனைக் குழாயில் எழும் இளஞ்சிவப்பு நிறம் பல நாட்களில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அறிக்கையை வாங்குபவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "கந்தகப் பிரச்சினை இல்லையே சார்" என்று நிம்மதியாகப் போவார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நிலக்கரியையும் கனரக எண்ணெயையும் எரிக்கும்போது வெளியேறும் அந்த வாயு, வெயிலிலும் மேகத் துளிகளிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகி, காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற துகளாக உருமாறுகிறது. 64 கிராம் வாயு முழுவதும் இப்படி மாறினால் 132 கிராம் துகள் உண்டாகும். மாற்றத்துக்குச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆவதால், புகைபோக்கிக்கு அருகில் வாயுவாக அளக்கப்படுவது பல கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் மாடியில் துகளாக இறங்கும். அங்கே அது நுண்துகள் கட்டத்தில் மண்தூசியோடும் புகைக்கரியோடும் ஒன்றாக எடைபோடப்படும். தரநிலையிலுள்ள பன்னிரண்டு மாசுப் பொருட்களில் சல்பேட் இல்லை. ஆகவே படிவத்திலும் அதற்கென்று கட்டம் இல்லை.

சல்பேட்டைத் தனியே பார்க்க, வடிதாளைத் தூய நீரில் இட்டு மீயொலித் தொட்டியில் குலுக்கி, அந்த நீரை, அதில் கரைந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் அயனி குரோமட்டோகிராஃபிக் கருவிக்குள் செலுத்துவோம். திரையில் குளோரைடும் நைட்ரேட்டும் வந்து போன பிறகு சல்பேட்டின் முகடு சாவகாசமாகக் கடைசியில் எழும். ஆனால் கடலோர ஊரில் அந்த முகட்டை அப்படியே நம்பிவிட முடியாது, ஏனென்றால் அலை தெறித்துக் காற்றில் கலக்கும் உப்பிலும் சல்பேட் உண்டு. கடல்நீரில் சோடியத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சல்பேட் இருப்பதால், மாதிரியில் சோடியம் 2 மைக்ரோகிராம் என்றால் 0.5 மைக்ரோகிராம் சல்பேட்டைக் கடலின் கணக்கில் கழித்துவிட வேண்டும். மிச்சம் பெரும்பாலும் மனிதர் எரித்ததன் கணக்கு.

இதைக் கற்றுக்கொள்ளும் வழியில் நான் நன்றாகவே சறுக்கினேன். பெரிய தூசி சேகரிப்பான்களில் போடும் கண்ணாடி இழைத் தாள்களில் சல்பேட் பார்த்து, அளவு எக்கச்சக்கமாக வரவே, ஏதோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் அறிக்கை தயாரித்தேன். எங்கள் மூத்த வேதியியலாளர் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதே மாடியில் பக்கத்திலேயே ஒரு குவார்ட்ஸ் தாளையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். குவார்ட்ஸில் வந்தது தெளிவாகவே குறைவு. "தம்பி, இது காத்துல இருந்த சல்பேட் இல்ல. உன் தாளே சமைச்சது" என்றார். கண்ணாடி இழையின் காரத்தன்மை, கடந்து போகும் கந்தக டை ஆக்சைடைப் பிடித்துத் தன் மேலேயே சல்பேட்டாக மாற்றிவிடுகிறது. வானம் செய்யும் வேலையைத் தாளும் செய்திருக்கிறது. வெட்கமாக இருந்தாலும், கந்தகம் எவ்வளவு எளிதில் உரு மாறும் என்பதை எந்தப் பாடத்தையும்விட அந்தப் பிழைதான் எனக்குப் புரியவைத்தது.

எடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கும்போது அம்மோனியம் சல்பேட் நீரை உறிஞ்சிக் கரைந்து துளியாகப் பெருத்துவிடும். சென்னையின் விடியற்காலைகளில் அந்த ஈரப்பதம் சாதாரணம். ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவுள்ள அத்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் தூரத்துப் புகைபோக்கிகள் பால் கலந்தாற்போல் மங்கித் தெரிகின்றன. நாங்களோ ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டாத அறையில் ஒரு நாள் உலர விட்ட பிறகே தாளை எடைபோடுகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க அந்த நெறிமுறை அவசியம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் காலையில் கண்ட மங்கலுக்கும் தராசு காட்டும் எண்ணுக்கும் இடையே அந்த நீர் விடுபட்டுப் போகிறது.

அனல்மின் நிலையங்களின் கந்தக வெளியேற்றத்துக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தார்கள். கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. காற்றில் அளந்த கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள் இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதைச் செய்தித்தாளில் படித்தபோது எங்கள் படிவமும், அதை வாங்கிப் போனவர்களின் நிம்மதியும்தான் நினைவுக்கு வந்தன.

வேலையை விடுவதற்கு முந்தைய ஆண்டு, ஓர் அறிக்கையின் அடியில் நானே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்து, கடல் உப்பைக் கழித்த சல்பேட் அளவை எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. கேட்காததை நீக்கிவிட்டு மறுபடி கையொப்பமிட்டுத் தருமாறு ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். நீக்கித்தான் கொடுத்தேன்; அந்தப் பழைய தாள் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.