கோப்பு முழுவதையும் ஏன் ராமுக்குத் தூக்க வேண்டும்?

கிளிநொச்சியில் என்னிடம் இருப்பது 2 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி. அதிலும் பெரிய நிரல் சட்டென்று திறக்கிறதே, எப்படி? இயங்குதளமான லினக்ஸ், நிரலின் கோப்பு முழுவதையும் ஒரேயடியாக வாசிப்பதில்லை. நிரல் பார்க்கும் மெய்நிகர் நினைவக முகவரிகளோடு அதை இணைத்துவிட்டுச் சும்மா இருக்கும், நிரல் ஒரு முகவரியைத் தொட்டு அந்த முகவரி அடங்கிய பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) ராமில் இல்லையென்றால்தான் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பான பேஜ் ஃபோல்ட் எழுந்து, பெரும்பாலும் 4096 பைட் அளவுள்ள அந்தப் பக்கமும் அதை அண்டிய சிலவும் வட்டிலிருந்து வரும். இரணைமடுக் குளம் நிரம்பியிருந்தாலும் விதைத்த வயலுக்குத்தானே வாய்க்காலைத் திறக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அதே நிரலை இரண்டு தடவை ஓட்டினாலும் நிரலின் கட்டளைகள் உள்ள குறிமுறைப் பக்கங்களுக்கு ராமில் ஒரே பிரதிதான். தரவுப் பக்கத்தில் எழுதினால், சரி, அப்போது மட்டும் தனிப்பிரதி. ராம் போதாவிட்டால் குறிமுறைப் பக்கத்தை ஸ்வாப்பில் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) எழுதாமலே ராமிலிருந்து அகற்றிவிடலாம், அது கோப்பில் அப்படியே இருக்கிறதே.