வேருக்குச் சூடு, இலைக்குக் குளிர்ச்சி: மணல் பாத்தி அமைக்கும் முறை

வேர்விடுவதற்காகச் செடியிலிருந்து வெட்டி நட்ட குச்சியின் அடிப்பகுதி 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் இருந்து, மேலே காற்று அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருந்தால் வேர் முந்தும். அறையையே சூடாக்கினால் மொட்டு முந்திக்கொள்ளும். துளிர் பச்சைப்பசேலென்று விரியும். குச்சியில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் அப்படியே தொங்கிவிடும். பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இருக்காது. குளிர்காலத்தில் பாத்திக்கு அடியிலிருந்து மட்டும் சூடு கொடுப்பது இதற்காகத்தான்.

6 மீட்டர் நீளம், 75 வாட் மண் சூடேற்றும் கேபிளுக்கு 100 × 60 செ.மீ. உள்ளளவுள்ள பெட்டி கச்சிதமாகப் பொருந்தும். சதுர மீட்டருக்கு 125 வாட் கிடைக்கும்; வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூண்டிலோ வைக்க இது போதும். உயரம் 20 செ.மீ. இருக்கட்டும். அடியில் தண்ணீர் வடிய நாலைந்து துளைகள். அதன்மேல் 5 செ.மீ. தெர்மோகோல், அதிலும் அதே இடங்களில் துளை. தெர்மோகோலை மிச்சம் பிடித்தால் பாதிச் சூடு மேசைக்குத்தான் போகும். பிறகு 5 செ.மீ. மணல், கேபிள், மறுபடி 5 செ.மீ. மணல். மொத்தம் 60 லிட்டர் மணல். ஈரத்தோடு 100 கிலோவைத் தாண்டும். ஆகவே முதலில் மேசையின் கால்களைப் பாருங்கள்.

கேபிளைத் தெர்மோகோல் மேலேயே நேராக விரிக்கும் ஆசை வேண்டாம். பிவிசி உறையிலுள்ள மென்மையாக்கி தெர்மோகோலுக்குள் இறங்கும். உறை விறைத்து வெடிக்கும், தெர்மோகோலும் உருகினாற்போல் குழியும்.

புதைப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட்டுக்கான 75 வாட் கேபிள் சுமார் 700 ஓம் காட்ட வேண்டும். பிறகு விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்கி, 10 செ.மீ. இடைவெளியில் ஆறு வரிசை, பாம்புபோல் வளைத்து. மடிக்காமல் வட்டமாகத் திருப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறவே கூடாது. தொட்டுக்கொள்ளும் இடத்தில் சூடு வெளியேற வழியின்றி உறை கருகும். நீளம் மிஞ்சுகிறதென்று வெட்டவும் கூடாது. பாதியாக வெட்டினால் மின்தடை பாதியாகி வாட் இரட்டிப்பாகும். நீளமும் பாதிதான் என்பதால் ஒவ்வொரு மீட்டரும் நான்கு மடங்கு சூடாகும். பிளக்கிலிருந்து வரும் சூடாகாத முன்கம்பி கேபிளோடு சேரும் இணைப்பும் மணலுக்குள்ளேயே இருக்கட்டும். மேலே கோழிவலை ஒன்றைப் போட்டு மூடினால் கரண்டி பட்டுக் கேபிள் அறுபடாது. வலைக்கு எர்த் கொடுத்துவிடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இதை ஓட்டவே கூடாது.

மணல் சலித்துக் கழுவிய பருமணலாக, உப்பில்லாததாக வேண்டும். அதைவிட முக்கியம், அது எப்போதும் ஈரமாக இருப்பது. காய்ந்த மணல் சூட்டைக் கடத்தாது. கேபிளைச் சுற்றி மட்டும் கொதித்து, இரண்டு வரிசைக்கு நடுவே குளிர்ந்து கிடக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

சூட்டைப் பார்த்துக் கேபிளை அணைத்து எரியவைக்கும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரை இரண்டு கேபிள் வரிசைகளுக்கு நடுவில், மணல்மேல் வைக்கும் தொட்டியின் அடி உட்காரும் ஆழத்தில் புதையுங்கள். சென்சார் கேபிளைத் தொட்டால் சூடு சீக்கிரமே அணைந்துவிடும். மணலைவிட்டு வெளியே வந்தால் அணையவே அணையாது, காலையில் வெந்த நாற்றுதான் மிஞ்சும். தெர்மோஸ்டாட்டாக எஸ்டிசி-1000 போன்ற மலிவு கட்டுப்படுத்தி போதும், ஆனால் அதன் பின்புற முனைகள் திறந்தவை. மூடிய பெட்டிக்குள் வையுங்கள். அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையிலான வித்தியாசத்தை 1 டிகிரியாக வையுங்கள். கேபிள் பாதி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.9 யூனிட். செடி வைக்குமுன் இரண்டு நாள் சும்மா ஓட்டி, தனி வெப்பமானியால் நான்கு மூலைகளையும் நடுவையும் சரிபாருங்கள். கட்டுப்படுத்தி காட்டும் எண்ணை மட்டும் நம்பவேண்டாம்.

தொட்டிகளை மணலில் ஒரு செ.மீ. அழுத்தி வையுங்கள். கால் வைத்த குழித்தட்டின் அடியில் காற்று நின்றால் சூடு ஏறாது. இங்கே அடிக்கடி ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: சூடு கீழிருந்து வருவதால் கலவை கீழிருந்து காயும். மேலே தொட்டால் ஈரம் தெரியும், குச்சியின் வெட்டுவாய் இருக்கும் இடம் பொரிபோல் கிடக்கும். விரலை நம்பாமல் தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள்.

விதைகளில் மிளகாய், கத்தரிக்கு 27 முதல் 30 டிகிரி. தக்காளிக்கு 25 போதும். லெட்யூஸுக்கு (சாலட் கீரை) இந்தப் பாத்தியே வேண்டாம், 27-ஐத் தாண்டினால் விதை உறங்கிவிடும். பாதி விதை தலைகாட்டியதுமே தட்டை எடுத்து, வெளிச்சமுள்ள குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். இன்னும் நாலு முளைக்கட்டும் என்று விட்டால் முளைத்தது எல்லாம் நூலாக நீளும். தட்டுக்கு மூடி போட்டிருந்து அதையும் திறக்காமல் இருந்தால் தண்டு தரையோடு கருத்துச் சாயும் நாற்றழுகல் ஒரே இரவில் தட்டைக் காலி செய்யும்.

குச்சிகளை வேர் வடிதுளையில் எட்டிப்பார்க்கும்போதே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் வேர் மணலுக்குள் இறங்கிவிடும், தூக்கும்போது அறுந்துபோகும்.