அதே இடம், அதே மணி, அடுத்த வாரம்

முதல் வருஷம் ஏழாம் வகுப்பை அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனபோது, இருபது கேள்விகளை அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் தகவல் பலகையைச் சூழ்ந்து நின்று, அதைப் பார்த்தே பதில் எழுதி முடித்துவிட்டார்கள். காட்டை யாரும் பார்க்கவில்லை. அது என் தப்பு.

இந்த வருஷம் கேள்வித்தாள் கிடையாது. நூலில் கட்டிய ஒரு கல், அளவு நாடா, நோட்டு, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு நடைபாலத்தின் ஓரிடத்தில் நின்று கல்லை இறக்கினோம். பாலத்தின் பலகையிலிருந்து 40 செ.மீ. கீழே தண்ணீர் தொட்டது. அலையாத்தி இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். ஒவ்வொருவரும் நக்கிப் பார்த்தார்கள். கிளம்பும்போது படகோட்டி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், அடுத்த வாரம் இந்நேரம் வந்தீங்கன்னா படகு தரை தட்டும்." அதை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

ஏழு நாள் கழித்து அதே இடம், அதே பத்து மணி. தண்ணீர் நின்ற இடத்தில் கறுத்த சேறு. அதற்குள்ளிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள், நடுநடுவே நண்டு வளைகள். (சேற்றில் இறங்க விடவில்லை, மிதித்தால் அந்த வேர்கள் ஒடிந்துபோகும்.) கல் 130 செ.மீ. இறங்கியது.

"டீச்சர், தண்ணி எங்க போச்சு?"

இந்தக் கேள்வியை நான் எந்தத் தாளிலும் அச்சடிக்க முடியாது.

வகுப்பில் பதிலை நான் சொல்லவில்லை, இரண்டு விவரம் மட்டும் கொடுத்தேன். பூமி ஒரு சுற்று சுற்றுவதற்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப்பிடிக்க ஏறக்குறைய 50 நிமிடம் கூடுதலாகும். நிலவு இழுப்பதால் கடல்நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம்; அதனால் ஓதமும் தினம் அவ்வளவு தள்ளிப்போகிறது. எங்கள் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரமும் சில நிமிடங்களும். பிள்ளைகளே பெருக்கினார்கள்: ஏழு நாளுக்கு 350 நிமிடம், கிட்டத்தட்ட அதே ஆறு மணி நேரம். பத்து மணி ஏற்றம் பத்து மணி வற்றமாக மாறிய கதை நோட்டிலேயே வந்துவிட்டது.

பாடப்புத்தகத்தில் ஓதம் பற்றிய படத்தைப் பல வருஷமாக நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. தொலைவான ஊர்களுக்குப் பெரிய சுற்றுலா போவதைவிட, பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு இரண்டு தடவை போவதே மேல் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

மணி அடித்த பிறகும் கடைசி பெஞ்சுப் பெண் நோட்டை மூடவில்லை. "அப்ப இன்னும் ஒரு வாரம் கழிச்சுப் போனா பத்து மணிக்குத் திரும்பவும் தண்ணி இருக்குமா டீச்சர்?"

மூன்றாவது பயணத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.